கவுண்டிக்கு ஐந்து பதக்கம் வாங்கியவருக்கு அந்த ஒரு கிளப் பதக்கம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

மலர்விழி_கெர்ரி எழுதியது:

வணக்கம். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் கில்லார்னி ஊருக்கு நாங்கள் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்கு விளையாட்டு என்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கிரிக்கெட் மட்டும்தான். இங்கே வந்த பிறகு எங்கு திரும்பினாலும் கேலிக் கால்பந்துதான். கடையில், பேருந்து நிறுத்தத்தில், வேலை செய்யும் இடத்தில், திங்கட்கிழமை காலை பேச்சு முழுக்க அதுதான்.

பக்கத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார், நல்ல மனிதர். நான் துணி காயப்போடும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் வாயில் அதிகம் வரும் பெயர் கொலம் கூப்பர், 'கூச்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். இந்த ஊர்க்காரர்தான். நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கெர்ரி கவுண்டிக்காக ஐந்து அகில அயர்லாந்து பதக்கம் (நாட்டின் சாம்பியன் ஆனதற்கு), எட்டு முறை ஆல் ஸ்டார் விருது (அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு) என்று போட்டிருந்தது. சரி, அவருடைய பெரிய நாள் எது என்று பெரியவரிடம் கேட்டேன். 2004-ஐயோ 2007-ஐயோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் 2017 மார்ச் 17 என்றார். அது கெர்ரி ஆடிய ஆட்டமே இல்லையாம், டாக்டர் குரோக்ஸ் என்ற ஊர் கிளப் ஆடியதாம். "அது எங்களுடையது" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். கண் கலங்கியிருந்தது.

எனக்குப் புரியவே இல்லை. ஒரே ஆள் இரண்டு அணிக்கு எப்படி ஆடுகிறார்? யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? கவுண்டி அணி என்றால் அதுதானே பெரியது, கிளப் எப்படி அதைவிடப் பெரிதாகும்? 1-9 என்றெல்லாம் ஸ்கோர் எழுதுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது? என் எட்டு வயது மகனைச் சனிக்கிழமை காலை கிளப் மைதானத்துக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போக ஆசை.

---

டப்ளின்_செந்தில் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் டப்ளினில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எனக்கும் முதலில் இதே குழப்பம்தான், அதனால் ஸ்கோரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி நிற்கும். குறுக்குக் கட்டைக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. கட்டைக்கு மேலே இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனால் ஒரு புள்ளி. முதல் எண் கோல், அடுத்த எண் புள்ளி. 2006 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் கெர்ரி 4-15, மேயோ கவுண்டி 3-5. அதாவது 27-க்கு 14. (2025-லிருந்து நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்று மாற்றிவிட்டார்கள். கூப்பர் ஆடிய காலத்தில் அது கிடையாது.) ஒரு பக்கம் 15 பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நான்கு காலடிக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும் அல்லது கால் நுனியில் போட்டுத் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து தரையில் தட்டக் கூடாது. கீழே கிடக்கிற பந்தைக் குனிந்து நேராகக் கையால் அள்ளவும் கூடாது, ஷூ நுனியை அடியில் கொடுத்து எழுப்பித்தான் எடுக்க வேண்டும். உங்கள் பையனுக்கு முதல் வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுத்து, இரண்டு அணி விஷயம். 1884-ல் தர்லஸ் என்ற ஊரில் ஜி.ஏ.ஏ. என்ற கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு அடிப்படையே கிளப்தான். பெரும்பாலும் ஒரு தேவாலயப் பங்கு, ஒரு கிராமம், ஒரு ஊரின் ஒரு பகுதி, அதற்கு ஒரு கிளப். நீங்கள் எங்கே பிறந்து வளர்ந்தீர்களோ அங்கே சேர்கிறீர்கள், ஆறு ஏழு வயதில் சேர்ந்து கால் ஓடுகிற வரை அதே சட்டைதான். ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது, பெரிய கிளப் வந்து விலைக்கு வாங்கிக்கொண்டு போவதும் கிடையாது. வீடு மாறினால் விண்ணப்பித்துக் கிளப் மாறலாம், ஆனால் அது லேசில் நடக்கிற காரியம் இல்லை, ஊரில் அந்தப் பேச்சும் சீக்கிரம் அடங்காது.

கவுண்டி அணி என்பது அந்தக் கவுண்டியில் இருக்கிற எல்லாக் கிளப்பிலிருந்தும் பொறுக்கி எடுத்த ஆட்கள். கிளப் இல்லாமல் கவுண்டி இல்லை. 2012-ல் காவன் கவுண்டியின் ஷானி ஜான்ஸ்டன் கில்டேருக்கு ஆட விரும்பினார். அதற்குத் தகுதி பெற முதலில் கில்டேரில் ஒரு கிளப்புக்காக சாம்பியன்ஷிப் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே ஹர்லிங் (அதே சங்கத்தின் இன்னொரு ஆட்டம்) மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளப் ஆட்டத்தில் கொஞ்ச நேரம் இறங்கினார். நாடு முழுக்க அதைப் பற்றி அவ்வளவு பேசினார்கள். கவுண்டிச் சட்டைக்குப் போகிற வாசல் கிளப் வழியாகத்தான் இருக்கிறது என்பது அந்த வருடம்தான் எனக்கு மண்டையில் ஏறியது.

சம்பளம் கிடையாது. யாருக்கும் கிடையாது. 82,300 பேர் உட்காரும் குரோக் பார்க்கில் இறுதி ஆட்டம் ஆடிவிட்டு அடுத்த சில நாளில் வேலைக்குப் போய்விடுவார்கள், ஆசிரியர், விவசாயி, காவலர் என்று. கூப்பர் வங்கியில் வேலை பார்த்தார். கவுண்டி ஆட்டக்காரர்களுக்குப் பயணச் செலவும் அரசாங்கம் தருகிற சிறிய மானியமும் உண்டு. கிளப்பில் அதுவும் கிடையாது, வருடச் சந்தாவை ஆட்டக்காரரே கட்ட வேண்டும்.

---

புள்ளிவிவரப்_பிரியன் எழுதியது:

செந்தில் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பெரியவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மன்னிக்கவும். கூப்பர் யார் என்று நாடே தெரிந்துகொண்டது கெர்ரிச் சட்டையில்தான்.

2002-ல் பத்தொன்பது வயதில் நேராக அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் நின்றவர். அன்று அர்மா கவுண்டியிடம் ஒரு புள்ளியில் தோற்றார்கள், 1-12-க்கு 0-14. அந்த வருடமே முதல் ஆல் ஸ்டார். 2004 இறுதி ஆட்டத்தில் மேயோவுக்கு எதிராக கெர்ரி 1-20 அடித்தது, அதில் 1-5 கூப்பருடையது. அந்த ஒரே கோலை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆள் ஒல்லி, உயரமும் இல்லை. அப்படிப்பட்டவர் நீளமாக வந்த உயரப் பந்துக்கு எகிறிப் பிடித்துக் கால் ஊன்றுகிறார், எதிரே தடுப்பு ஆட்டக்காரர் வருகிறார், இடுப்பை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் நழுவிப் போய், ஓங்கி உதைக்காமல், கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தைத் தாழ்வாக அனுப்பிவிடுகிறார். முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தில் பலம் கொண்ட மட்டும் அடித்திருப்பார்கள். அவருக்கு மட்டும் அங்கே நேரம் நின்றுபோன மாதிரி இருக்கும்.

2002 முதல் 2016 வரை கெர்ரிக்காக 85 சாம்பியன்ஷிப் ஆட்டங்கள், 23-283. கோலை மூன்றால் பெருக்கினால் 352 புள்ளி. சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே அதிகம் அடித்தவர் என்ற இடம் அவரிடம்தான் இருந்தது, 2019-ல் மேயோவின் கிலியன் ஓ'கானர் தாண்டினார். இதையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு கிளப் ஆட்டத்தை முன்னால் வைப்பது ஊர்ப்பாசம். தப்பில்லை, ஆனால் அளவுகோல் அது இல்லை.

2011-ஐயும் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் கூப்பர்தான் கேப்டன். ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது கெர்ரி நான்கு புள்ளி முன்னால், அவரும் முதல் பாதியிலேயே கோல் அடித்துவிட்டார். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றே இருந்தோம். டப்ளினின் கெவின் மெக்மனமன் மாற்று ஆட்டக்காரராக வந்து கோல் அடித்தார், கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன் தன் எல்லையை விட்டு நடந்து வந்து ஃப்ரீ கிக்கைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். 1-12-க்கு 1-11. கேப்டனாக சாம் மக்வயர் கோப்பையை (அகில அயர்லாந்துக் கோப்பையின் பெயர்) தூக்கும் வாய்ப்பு அவ்வளவு பக்கத்தில் வந்து போனது. அந்தத் தோல்வியின் கனம் கவுண்டி மட்டத்தில்தான் இருக்க முடியும்.

---

ஹர்லிங்_ரசிகை எழுதியது:

பணம் பற்றி ஒன்று மட்டும். 2017-ல் கெர்ரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கூப்பருக்காக டப்ளினில் ஒரு பாராட்டு விருந்து வைத்தார்கள், ஒரு டிக்கெட் 500 யூரோ. கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு தர்ம காரியங்களுக்குப் போகும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஆனாலும் சம்பளமே இல்லாத விளையாட்டில் இது சரியா என்று வாரக்கணக்கில் வாதம் நடந்தது. என்னைக் கேட்டால் பதினைந்து வருடம் ஓடிய மனிதருக்கு அது அதிகமில்லை.

---

லூயிஸ்ரோடு_அம்மா எழுதியது:

மலர், நானும் கெர்ரிதான் அம்மா. என் மகள் குரோக்ஸ் மைதானத்தில்தான் ஆடக் கற்றாள். லூயிஸ் ரோட்டில் வேலி ஓரமாக மழையில் நின்று நின்று இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

பெரியவர் ஏன் உள்ளே போய்விட்டார் என்று எனக்குத் தெரியும். 1992-லிருந்து ஆரம்பித்தால்தான் அது விளங்கும். அந்த வருடம் மார்ச் 17, புனித பேட்ரிக் தினம், டாக்டர் குரோக்ஸ் குரோக் பார்க்கில் அகில அயர்லாந்து கிளப் இறுதி ஆட்டம் ஆடியது, எதிரணி டப்ளினின் தாமஸ் டேவிஸ். அணிக்கு முன்னால் ராசிக்காக ஒரு சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு போவார்கள் இல்லையா, அன்று போனது எட்டு வயது கொலம் கூப்பர். குரோக்ஸ் ஜெயித்தது. அந்த நாளைப் பார்த்த பையன்கள் ஒவ்வொருவரும் தானும் ஒரு நாள் அங்கே ஆட வேண்டும் என்று நினைத்துத்தான் வளர்ந்தார்கள்.

அப்புறம் இருபத்தைந்து வருடம் அந்தக் கோப்பை திரும்பவே இல்லை. 2007-ல் இறுதி ஆட்டம் வரை போனார்கள், கிராஸ்மாக்லெனோடு சமன், மறு ஆட்டத்தில் தோல்வி. 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு வருடம் கெர்ரிக்குள்ளே அசைக்க முடியாத கிளப். ஆனால் வெளியே போனால் அரையிறுதியில் நின்றுவிடும். 2012-ல் கிராஸ்மாக்லென், 2013-ல் பாலிமன் கிக்கம்ஸ், 2014-ல் காசில்பார் மிட்செல்ஸ். மூன்று வருடம், மூன்று அரையிறுதி, மூன்று தோல்வி.

அந்த 2014 ஆட்டம்தான் கேட்கவே கஷ்டமானது. பிப்ரவரி, போர்ட்லீஷ் மைதானம். கூப்பருக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது, முட்டிச் சிப்பியும் உடைந்தது. முப்பது வயது. கிளப்புக்காக ஆடிய ஆட்டத்தில் கவுண்டியின் ஒரு வருடம் முழுதாகப் போயிற்று. அந்த செப்டம்பரில் கெர்ரி டோனிகாலை 2-9-க்கு 0-12 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு, சில வருடம் முன்பு வரை இருந்தது: முந்தைய வருடம் கெர்ரி சாம்பியன் ஆன அணி யாரோ, அவர்கள்தான் கவுண்டி கேப்டனைச் சொல்வார்கள். 2013 சாம்பியன் குரோக்ஸ். அதனால் குரோக்ஸ் ஆட்டக்காரர்கள் ஃபியோன் ஃபிட்ஸ்ஜெரால்டும் கியரன் ஓ'லியரியும் சேர்ந்து சாம் மக்வயரைத் தூக்கினார்கள். அந்த வருட சாம்பியன்ஷிப்பில் கூப்பர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நீ படித்த ஐந்து பதக்கத்தில் ஒன்று அதுதான். களத்தில் ஆடி வாங்கியது 2004, 2006, 2007, 2009.

புள்ளிவிவரத் தம்பிக்கும் இதைச் சொல்கிறேன். கவுண்டி அணியில் நீ ஆடாவிட்டால் வேறு ஊர் ஆள் ஒருவர் ஆடுவார், கெர்ரிக்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை, 39 முறை ஜெயித்த கவுண்டி. கிளப்பில் அப்படி இல்லை. உன்னோடு ஆறு வயதில் சேறு மிதித்தவன்தான் பக்கத்தில் நிற்பான், அவன் அண்ணன் பயிற்சி கொடுப்பார், அவன் அம்மா டீ போடுவார், கோடு போடுகிறவர் உன் பள்ளி ஆசிரியராக இருப்பார். ஆட்டம் தோற்றால் மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது அவர்கள் எல்லோரையும் பார்த்தாக வேண்டும்.

முழங்கால் சரியாகி 2015-ல் வந்தார். இறுதி ஆட்டம் வரை போய் டப்ளினிடம் 0-12-க்கு 0-9 என்று தோற்றார்கள். 2016 அரையிறுதியிலும் டப்ளின்தான், 0-22-க்கு 2-14. கெர்ரிக்காக அதுதான் கடைசி ஆட்டம். ஆனால் யாரும் அப்போது அதை அறிவிக்கவில்லை, குளிர்காலம் முழுக்கக் கிளப்போடு ஆடிக்கொண்டிருந்தார். கெர்ரி பட்டம், மன்ஸ்டர் மாகாணப் பட்டம், அரையிறுதியில் காரோஃபினைத் தாண்டி, 2017 மார்ச் 17 குரோக் பார்க். எதிரணி டெர்ரி கவுண்டியின் ஸ்லாக்ட்நீல், அது சின்னக் கிராமப்புறம், ஆனால் இரும்பு மாதிரி அணி. கோல் அதிகம் விழாத, மூச்சு முட்டுகிற ஆட்டம். அன்று முழுக்க குரோக்ஸ் அடித்தது ஒரே கோல். அதை அடித்தவர் கூப்பர். 1992-ல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன அதே மைதானம், அதே தேதி.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் கெர்ரிச் சட்டையைக் கழற்றிவிட்டேன் என்று அறிவித்தார். கிளப்பை விடவில்லை. அந்த வருடமும் கெர்ரி சாம்பியன்ஷிப் ஆடி ஜெயித்தார்.

பெரியவர் "எங்களுடையது" என்றது அதைத்தான் அம்மா. கெர்ரி ஜெயித்தால் கவுண்டி முழுக்கக் கொண்டாடும், ட்ரலீயிலும் டிங்கிளிலும் கொடி பறக்கும். அந்த மார்ச் மாதம் ஜெயித்தது அவர் தெரு.

---

புள்ளிவிவரப்_பிரியன் எழுதியது:

அக்கா, 2014 கேப்டன் விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் இந்த வரிசையில் வைத்துப் பார்த்ததில்லை. அளவுகோல் கவுண்டிதான் என்பதில் இன்னும் மாறவில்லை, ஏனென்றால் நல்ல கிளப்பில் பிறக்காத ஆட்டக்காரரை அப்புறம் எப்படி மதிப்பிடுவது?

டேவிட் கிளிஃபர்டைப் பாருங்கள். இன்றைக்குக் கெர்ரியில் கூப்பருக்குப் பிறகு அந்த இடத்தில் பேசப்படுகிறவர். அவருடைய கிளப் ஃபோசா, கில்லார்னியை ஒட்டி ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர். 2022-ல் கெர்ரியோடு அகில அயர்லாந்து ஜெயித்து நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார், அடுத்த ஜனவரியில் அதே குரோக் பார்க்கில் ஃபோசாவுக்காகக் கிளப் ஜூனியர் இறுதி ஆட்டம், டைரோனின் ஸ்டூவர்ட்ஸ்டவுனுக்கு எதிராக. ஜூனியர் என்றால் வயது இல்லை, சின்னக் கிளப்புகளுக்கான பிரிவு. ஃபோசா ஜெயித்தது, அண்ணன் பவ்டியும் கூடவே ஆடினார். கெர்ரியின் பெரிய சாம்பியன்ஷிப்பில் ஃபோசா தனியாக ஆட முடியாது என்பதால் பக்கத்துச் சின்னக் கிளப்புகளோடு சேர்ந்து கிழக்கு கெர்ரி என்ற கூட்டு அணியில் ஆடுகிறார். எழுதும்போதே தெரிகிறது, இது அக்கா சொல்வதற்கும் சாட்சியாகத்தான் நிற்கிறது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஜூனியர் ஆட்டத்துக்குப் போய் நின்றது ஊருக்காகத்தானே.

---

டப்ளின்_செந்தில் எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இப்போது கவுண்டி சீசன் ஜூலையோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு கிளப். 2022-லிருந்து இப்படிப் பிரித்துவிட்டார்கள். கூப்பர் காலத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கும். கிளப் இறுதி ஆட்டம் மார்ச் 17 வரை போகும், அதே சமயம் கவுண்டியின் லீக் ஆட்டம் பாதி முடிந்திருக்கும். குரோக்ஸ் மாதிரி வருடா வருடம் தூரம் போகிற கிளப்பில் இருந்தால் ஓய்வு என்பதே கிடையாது. அந்த முழங்காலை நினைத்தால் இதுவும் ஞாபகம் வருகிறது.

---

மலர்விழி_கெர்ரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, லூயிஸ்ரோடு அம்மாவுக்கு ரொம்ப நன்றி. நேற்று மாலை பெரியவரிடம் 1992 பற்றிக் கேட்டேன். உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். அதில் அன்றைய ஆட்டத்தின் டிக்கெட் துண்டு, மஞ்சளும் கறுப்புமாக ஒரு துணி ரிப்பன், நைந்துபோய் இருந்தது. என் மகன் அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான், அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். சனிக்கிழமை அவரும் எங்களோடு மைதானத்துக்கு வருகிறாராம்.

ஒரே ஒரு சந்தேகம். பையன் ஒல்லி, இதுவரை பந்தே தொட்டதில்லை. மற்றப் பிள்ளைகள் நான்கைந்து வயதிலிருந்து ஆடுகிறார்கள். ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்களோ? என்னென்ன வாங்க வேண்டும்?

---

லூயிஸ்ரோடு_அம்மா எழுதியது:

ஒதுக்க மாட்டார்கள். அந்த வயதுக்கு 'கோ கேம்ஸ்' என்று வைத்திருக்கிறார்கள், எல்லாப் பிள்ளையும் ஆட்டம் முழுக்க ஆடியாக வேண்டும், யாரையும் வெளியே உட்கார வைக்கக் கூடாது. ஜெயித்தது தோற்றது என்று பெரிதுபடுத்த மாட்டார்கள். ஒல்லியைப் பற்றிக் கவலைப்படாதே, கூப்பரைப் பற்றி மேலே தம்பி எழுதியதைத் திரும்பப் படி.

கட்டை வைத்த ஷூ ஒன்று, முதலில் பழையது கிடைத்தால் போதும், கிளப்பிலேயே சிறிதாகிப்போன ஷூக்களைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள், கேள். பல் கவசம் கட்டாயம், அது இல்லாமல் மைதானத்தில் இறக்க மாட்டார்கள். கடையில் விற்பதை வெந்நீரில் போட்டு மெதுவாக்கி, கடிக்கச் சொன்னால் அவன் பல்லுக்கு ஏற்ற மாதிரி ஆகிவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரியே செய்துவிடு, காலையில் நேரம் இருக்காது. மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள். பெரியவருக்கு ஒரு மடக்கு நாற்காலியும்.